சிலுவை மலையின் பின்வழியில் கிடைத்த தொதல்

போன பெரிய வெள்ளியன்று என் சம்பந்தி பிலோமினா என் மடியிலேயே கண்ணை மூடியிருப்பார். மூடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் பிலோமினாவின் மகள், அதனால் ஒன்றும் கூட்டிச் சொல்ல முடியாது.

கொத்மலை அணைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து உச்சியில் ஒரு சிலுவை நிற்கிறது. பெரிய வெள்ளியன்று படிக்கட்டு வழியாக ஜெபித்துக்கொண்டே ஏறுவோம். அன்று படியில் சரியான சனம். எனக்கோ முட்டிவலி.

"வாங்க மதினி, பின்பக்கமா போயிருவோம். முப்பது வருசம் கொழுந்து எடுத்த எடம், கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்" என்றேன் பிலோமினாவிடம்.

"ஒங்க பேச்ச நம்பித்தானே பொண்ணையே குடுத்தேன்" என்றார்.

கவ்வாத்து வெட்டின மலை வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வெட்டின தேயிலை வெறும் குச்சியாய் நிற்கும், தவறவே தவறாது. திரும்பினேன். ஆனால் நான் வேலையை விட்டு ஐந்து வருசம். அந்தச் செடிகள் துளிர்த்து இடுப்புக்கு வளர்ந்துவிட்டன. இப்போது வெட்டியிருந்தது வேறு மலை. தேயிலை எனக்காகக் காத்திருக்குமா?

பாதை ஒரு பாறையில் போய் முடிந்தது. அணைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடியது. மதினி பொத்தென்று உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் வியர்வை, கை நடுக்கம். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு.

"காலையில குளிசை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்புட்டீங்களா?"

"பெரிய வெள்ளியில யாரு சாப்புடுவா?"

வெறும் வயிற்றில் குளிசை போட்டு உடம்பில் சீனி இறங்கிவிட்டது. பேச்சு குழறியது. என் பையில் குடையும் மெழுகுதிரியும்தான். போன் மகனிடம். என்னால்தானே என்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. "ஆண்டவரே! ஒம்ம சிலுவையப் பார்க்கத்தானே வந்தோம்! ஒரு கரண்டி சீனி தாரும்!" என்று கத்தினேன். என் குரல் பெரிது. கங்காணிக்கே பதில் கத்தினவள் நான்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல். "யாரது? எனக்கு வழி தெரியல! சத்தத்த நிப்பாட்டாதீங்க, அத வச்சு வாறேன்!"

தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். தலையில் சட்டியோடு டவுன் முஸ்லிம் வியாபாரி ஒருவர் வந்து நின்றார்.

"நானா, சட்டியில என்னா?"

"தொதல்மா. மேல நோன்பு விடுற சனத்துக்கு விக்க."

சட்டி நிறையக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டின இனிப்பு! நான் சிரித்த சிரிப்பில் மனுசன் பயந்துபோனார். ஒரு துண்டைப் பிய்த்து மதினி வாயில் வைத்தோம். மெல்ல விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. முதல் பேச்சே, "இன்னொன்னு தாங்க நானா, இது சின்னது."

"எப்பவும் படியிலதான் ஏறுவேன். சனத்துக்குள்ள சட்டியோட போக ஏலாதுன்னு இப்படி வந்து மாட்டிக்கிட்டேன்" என்றார் நானா.

"ஆண்டவர் அனுப்புனாரு" என்றேன்.

"நாங்களும் அப்படித்தாம்மா சொல்லுவோம்."

மூட்டம் விலகியது. மேலே பாட்டுச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் கைபிடித்து ஏறினோம். சிலுவையைத் தொட்டு இரண்டு கிழவிகளும் பிள்ளைகள் மாதிரி அழுதோம்.

இப்போது சொந்தத் தோட்டத்திலும் நான் வழி கேட்டுத்தான் போகிறேன். குளிசை போடுகிறவர்களுக்கு உபவாசம் வேண்டாம் என்று பாதரும் சொல்லிவிட்டார். நான் கேட்டது ஒரு கரண்டி. ஆண்டவர் அனுப்பியது ஒரு சட்டி. நீங்களும் வாயில் வருகிற வார்த்தையில் கேளுங்கள், கோபமாகவாவது கேளுங்கள். அவருக்குக் கேட்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பிலோமினா மதினி சொல்கிறார்: "பாடுன பாட்டெல்லாம் தப்பு." சொல்லட்டும். ஆண்டவருக்குத் தோத்திரம், சொல்வதற்கு மதினி இருக்கிறார்.