சித்தியின் மனு சித்தியின் மேசையில்

என் சித்தியை ஊரில் பாதிப் பேருக்கு “மூணாம் நம்பர் ஜன்னல்” என்றால்தான் தெரியும். நகராட்சியில் மனு வாங்கும் எழுத்தர் அவள். பதினாறு வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ செய்த தாமதத்துக்கெல்லாம் திட்டு வாங்குகிறாள். கத்திக் கத்தி, வீட்டிலும் அவள் தொண்டை கட்டியேதான் இருக்கும். மாடியில் கண்காணிப்பாளர் பதவி ஒன்று காலியாகப் போகிறது. அதற்குப் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதனால் வேலை பார்ப்பவர்களுக்கான வகுப்புக்கு ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் போனாள்.

தேர்வெல்லாம் முடிந்தது. பாக்கி ஆய்வேடுதான். தலைப்பு, “மனுக்கள் எங்கே தேங்குகின்றன”. பள்ளி முடித்து வீட்டில் சும்மா இருந்த நான்தான் நூற்றுப் பதினான்கு பக்கத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவள் அலுவலகப் பதிவேடுகளைப் பயன்படுத்தியிருந்ததால் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகம் அதை வாங்காது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் வீண்.

அந்தக் கடிதம் கேட்டு ஜனவரியிலேயே மனு போட்டிருந்தாள். முறைப்படி, மூன்றாம் ஜன்னலில். அதாவது தன்னிடமே.

தன் மனுவுக்குத் தானே குறிப்பு எழுதக் கூடாது என்பது விதி. அதனால் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தாள். பிப்ரவரியில் அவர் நீண்ட விடுப்பில் போனார். அவர் வேலையும் கூடுதல் பொறுப்பாகச் சித்தியின் தலையில் விழுந்தது. மனு அவள் மேசைக்கே திரும்பி வந்தது.

“நீயே ரெண்டு வரி எழுதி அதிகாரிகிட்ட வெச்சுட வேண்டியதுதானே?” என்றார் சித்தப்பா.

“என் மனுவுக்கு நானே எழுதினா அது என்ன நிர்வாகம்?”

“படிச்சத வீட்ல காட்டாத தாயே.”

மார்ச்சில் அவள் ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதினாள். அதைத் தானே வாங்கி, சீல் குத்தி, எண் போட்டு, தன் மேசையிலேயே வைத்தாள். “வேலிக்கே வேலி போட்ட ஆளு இவங்கதான்” என்று வாசல் காவலாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசி வாரம், புதன்கிழமை, அதிகாரியிடமே போய் நின்றாள்.

“போன வருஷம் ஒருத்தன் தன் கோப்புக்குத் தானே குறிப்பு எழுதினான். கையெழுத்து போட்டதுக்கு எனக்கு மெமோ. வேற சீட்லேருந்து வரட்டும்மா, கண்ண மூடிட்டுப் போடறேன்.”

“வேற சீட்டும் நான்தானே சார்.”

ஒரே வழி இருந்தது. அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மேசை அடுத்தவளுக்குப் போகும். அடுத்தவள், சித்திக்கு மறுநாள் வேலையில் சேர்ந்த பதிவறைக்காரி. அதனாலேயே அவளுக்கு அங்கே “மறுநாள்” என்று பெயர். பட்டம் ஏற்கெனவே வாங்கிவிட்டவள். சித்தியின் விடுப்பையெல்லாம் தேர்வுகள் தின்றுவிட்டன. இனிச் சம்பளமில்லா விடுப்புதான். அதை எடுத்தால் பதவி உயர்வுக்கு எண்ணும் சேவையில் ஒரு நாள் குறையும், இருவரும் சமமாவார்கள். சமமானால் முதலில் பட்டம் வாங்கியவளுக்கே பதவி.

“எழுதினா பதவி போச்சு” என்றாள் சித்தி, விடுப்புப் படிவத்தைப் பார்த்தபடி. “எழுதலேன்னா பட்டமே போச்சு.”

“பட்டம் இல்லேன்னாலும் பதவி இல்லியே சித்தி?”

“அதான்டி.” அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தைக் கொடுத்துவிட்டு, அறுபத்திரண்டாம் எண் டோக்கன் வாங்கிப் பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆய்வேடு என் மடியில். மூன்றாம் ஜன்னலில் “மறுநாள்” எந்தச் சீல் எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் காட்டச் சித்தியின் கால் இரண்டு முறை துடித்தது. மூன்று மணி பத்துக்குக் கூப்பிட்டார்கள்.

“அடையாள அட்டை நகல் எங்கக்கா?”

“என்னைத் தெரியாதாடி உனக்கு?”

“தெரியும். நகல் இல்லாம எதையும் எடுக்கக் கூடாதுன்னு நீதானே ஒட்டி வெச்சிருக்க?”

கண்ணாடியில் சித்தியின் கையெழுத்திலேயே அந்தத் தாள் இருந்தது. ஜனவரியில் மனு வாங்கியபோது, மனு கொடுத்தவளைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று நகல் கேட்காமல் விட்டிருந்தாள். நான் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். முதல் ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. பின்தெருவில் இருந்த இரண்டாவது கடையில் முன்னால் நான்கு பேர். அழாத குறையாகக் கெஞ்சினேன். திரும்பும்போது மூன்று நாற்பது. “மறுநாள்” அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல், வரிசை கத்தக் கத்தக் காத்திருந்தாள். குறிப்பை எழுதித் தானே மாடிக்கு எடுத்துப் போய்க் கையெழுத்தோடு இறங்கி வந்தாள்.

“பதவி வேணாம்னு சொல்ல மாட்டேன்க்கா” என்றாள் கடிதத்தை நீட்டி. அவள் குரல் கம்மியிருந்தது. “ஒரு நாளைக்கே தொண்டை போச்சு.”

சித்தி கடிதத்தை வாங்கி ஆய்வேட்டுக்குள் செருகினாள். நான்கு ஐம்பதுக்கு ஆய்வேட்டைக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை கண்ணாடித் தாளின் கீழே சித்தி ஒரு வரி சேர்த்தாள்: “முதல் ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தால் பின்தெருவில் இன்னொன்று உண்டு.” பட்டமும் “மறுநாளின்” பதவி உயர்வு ஆணையும் ஒரே மாதத்தில் வந்தன. அந்த நாற்காலி மறுபடி எப்போது காலியாகும் என்று சித்தப்பா கேட்டார்.

“அவ ரிடையர் ஆகும்போது.”

“அது எப்போ?”

“என்னைவிட அவ மூணு வயசு சின்னவ” என்றாள் சித்தி, கட்டிய தொண்டையோடு.