நான் குடிக்காத கள்

இன்ஸ்பெக்டர் என் லைசென்ஸை மேசைமேல் எறிந்தபோது என் இரண்டு கையையும் வெட்டிப் போட்டது போல இருந்தது. விசுவாசிகளே, நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை தூக்கி, கிளீனராக நின்று, சொந்த லாரி வாங்கியவன். ஒருவரும் எனக்குக் கைகொடுத்ததில்லை.

கேரளம் ஒரே மாநிலமான புதிது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மாவில் கள் சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் எங்கள் வீட்டில் ஆப்பம். மனைவி ரோசம்மா சொன்னாள் என்று பள்ளுருத்தி கள்ளுக்கடையில் ஒரு குப்பி வாங்கினேன். சிந்தக்கூடாதே என்று தக்கையை அடித்து இறுக்கினேன். கள்ளை நான் நாக்கில் வைத்ததில்லை. அதன் குணம் எனக்கு என்ன தெரியும்? வழியில் வெயிலுக்கு அது பொங்கி, குப்பி வெடித்து, சட்டையெல்லாம் கள். திடுக்கிட்டதில் லாரி ஓரம் ஒதுங்கியது. போலீஸ் பிடித்தது.

குடித்து ஓட்டினால் அபராதமோ ஜெயிலோ. லைசென்ஸும் போகும். மறுபடி சிக்கினால் இன்னும் கடுமை. என் சோறே அந்த லைசென்ஸ்தான்.

"ஒத்துக்கோடோ. முதல் தடவைதானே, ஃபைனோட தீரும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்னால் வேறு லாரியில் வந்த கூட்டாளி டிரைவரும் காதைக் கடித்தான்: "சேட்டா, கடுதாசியில ஒப்பு போட்டுக் கொடு. நாளைக்குப் பெருநாளல்லோ."

"செய்யாததுக்கு ஒப்பு போட மாட்டேன். சட்டைய மோந்து பாக்க வேண்டாம் சாரே, டாக்டர் வந்து வாய மோந்து பாக்கட்டும்."

"பெருநாளும் அதுவுமா உனக்கு எந்த டாக்டர் வரும்?"

டாக்டர் ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். அதுவரை ஜெபம் ரோசம்மாவின் வேலை என்றிருந்தவன் நான். அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்: "ஆண்டவரே, மூக்குள்ள ஒருத்தரை அனுப்பும்."

அனுப்பினார். வைப்பின் தீவுக்குப் போகிற போட்டைத் தவறவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிய டாக்டரை, கான்ஸ்டபிள் கூட்டிவந்தார். போட்டைத் தவறவைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் என் வாயை மோந்தார். கண்ணைப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தேன், கேட்காமலே திரும்பியும் நடந்தேன். பிறகு லாரியிலிருந்து போலீஸ் எடுத்துவந்த, தக்கை இறுகிக் கிடந்த உடைந்த குப்பிக் கழுத்தை எடுத்துப் பார்த்தார்.

"இத அடச்சது ஆரு?"

"நான்தான் சாரே."

அவர் சிரித்துவிட்டார். "கள்ளு குடிக்கிறவன் ஒருத்தன் இப்படி அடைப்பானோ இன்ஸ்பெக்டரே? வெடிக்கும்னு உங்களுக்கே தெரியுமல்லோ."

குடிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "லைசென்ஸ எடுத்துட்டுப் போ," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எறிஞ்சது நீங்கதானே சாரே. கையில தாங்க."

தந்தார்.

இன்று எனக்கு மூன்று லாரி. ஜெபிக்காமல் ஒன்றும் ஷெட்டை விட்டு இறங்காது. என் டிரைவர் குடித்து ஓட்டிப் பிடிபட்டால் ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டேன், சட்டப்படி அனுபவிக்கட்டும். ஆனால் பொய்க் குற்றத்துக்கு நீங்கள் யாருக்கும் தலையாட்டாதீர்கள். மனிதன் முன் நிமிர்ந்து நில்லுங்கள், ஆண்டவரிடம் மட்டும் குனிந்து கேளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையா விடுவார்?