கையைக் காட்டு என்றவன்

பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடை வாசலில்தான் அது முதலில் தெரிந்தது. கடைக்காரர் ஒரு டியூபிலிருந்து காற்றை இறக்கினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். என்னோடு நடந்துவந்த என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். கூப்பிட்டது காதில் விழவில்லை. எழுப்பப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் அதே உஸ் சத்தத்தோடு வெடித்திருந்தது. எழுபதுகளின் கடைசி அது. அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல்வரை வெந்துபோயின. தோல் ஒட்டு (தொடையிலிருந்து தோலை எடுத்துப் புண்ணின் மேல் பொருத்துவது) செய்தார்கள். புண் ஆறியது, விரல்கள் மடங்கின. “சுகமாயிட்டாங்க சார், கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டர். நானும் நம்பினேன்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க. என் பேரு வேண்டாம்” என்றாள். அதனால் அவள் பெயர் இதில் இருக்காது. தீயிலோ விபத்திலோ தப்பி வந்த ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்ததை அவர்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

அந்தக் காலத்தில் ஒரு மருமகள் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஊர் முதலில் மாமியாரைப் பார்க்கும், அடுத்து புருஷனைப் பார்க்கும். பல வீடுகளில் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் என் அம்மா இருந்தார். மாஜிஸ்திரேட் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று வாக்குமூலம் வாங்கினார். ஸ்டவ் வெடித்தது என்று என் மனைவி உள்ளதைச் சொன்னாள். சட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்பதாக எனக்குத் தோன்றியது.

விசாரிக்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பங்குக் கோவிலில் வீடு வீடாகக் கூடும் ஜெபக்குழுவான அன்பியம்போல முறை வைத்து வந்தார்கள் என்று சொல்லலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கையில் இருக்கும். உட்கார்ந்ததும், “எப்படி ஆச்சு?” என்பார்கள். நான் சொல்வேன். பாடம் எடுத்துப் பழகிய குரல்; எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று தெரியும். முடிவில் உள்ளே பார்த்து அவளைக் கூப்பிடுவேன்.

“இங்க வாம்மா. கையைக் காட்டு.”

அவள் வந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டுவாள். அவர்கள் “ச்சு” கொட்டுவார்கள். என் பக்கம் திரும்பும்போது அவர்கள் கண்களில் சந்தேகம் குறைந்திருக்கும். எனக்கு மூச்சு சீராகும்.

சைக்கிள் கடைச் சம்பவத்துக்குப் பிறகு அவள் தூங்குவது குறைந்தது. சமையலறைப் பக்கமே போகவில்லை. எங்கள் டாக்டர்தான் ஸ்ரீரங்கத்தில் இருந்த வேதவல்லி அம்மாளிடம் அனுப்பினார். அவர் சமூகப் பணி படித்தவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மனக் கஷ்டத்தைக் கேட்டு உதவும் ஆலோசகராக வேலை பார்த்தவர். அப்போது வருகிறவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து பெருமாள் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிக்குப் போய் ஒரு ஐயங்கார் மாமியிடம் மனசைத் திறப்பதா என்று என் அம்மாவுக்குக் குறை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

“எங்க உட்காரணும்னு தோணறதோ அங்க உட்காருங்கோ” என்றார் வேதவல்லி. என் மனைவி வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தாள். “கதவு திறந்திருக்கட்டுமா?” தலையாட்டினாள். “உள்ள ஸ்டவ் எரியறது. சத்தம் சங்கடமா இருந்தா அணைக்கச் சொல்றேன்.” என் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஸ்டவ் நின்றது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். “அன்னிக்குக் காலையில என்ன நடந்ததுன்னா...”

“சார், ஒரு நிமிஷம். இது அவா நேரம்.” பிறகு சிரித்தார். “காலேஜ் வாத்தியார் பேசாம உட்கார்றது கஷ்டம்தான். பழகிடும்.”

என் மனைவியின் உதட்டில் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது.

“என்ன நடந்ததுன்னு நான் கேட்கப் போறதில்லை” என்று அவளிடம் சொன்னார் வேதவல்லி. “சொல்லணும்னு தோணினா சொல்லுங்கோ. நடுவுல எப்ப வேணாலும் ‘போதும்’னு சொல்லலாம். ஏன்னு கேட்க மாட்டேன்.”

ஊர், பிறந்த வீடு என்று கொஞ்சம் பேசினார்கள். காபிகூட இன்னும் வரவில்லை. என் மனைவி, “போதும்” என்றாள்.

“சரி. அடுத்த வாரம் வர முடிஞ்சா வாங்கோ” என்று வேதவல்லி எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் நான் கடுகடுத்தேன். “இதுக்கா லீவு போட்டேன்? போன காரியம் என்ன, வந்த காரியம் என்ன?”

பஸ் திருவானைக்காவலைத் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “நான் போதும்னதும் நிறுத்திட்டாங்க.”

அவள் அதை ஏன் அவ்வளவு ஆச்சரியமாகச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை.

வாரங்கள் போயின. பயம் ஏறும்போது பாதத்தைத் தரையில் அழுத்த வேதவல்லி சொல்லிக்கொடுத்தார். கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். அந்தக் காலை முடிந்துவிட்டது, இப்போது இங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிவிக்கும் வழி அது. அவளுக்கு வந்ததை இன்று உளக்காயம் (பேரதிர்ச்சி மனத்திலும் உடலிலும் விட்டுப்போகும் புண்) என்று எழுதுகிறார்கள். வேதவல்லி அதற்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் என்னைத் தனியாக வாசலையடுத்த ரேழிக்கு அழைத்தார். “இப்ப நீங்க சொல்லுங்கோ, சார்.”

வழக்கம்போலச் சொன்னேன். கையைக் காட்டச் சொல்வதையும் சொன்னேன்.

“எத்தனை பேர் பார்த்திருப்பா?”

“கணக்கு வச்சுக்கல.”

“எதுக்காகக் காட்டச் சொன்னேள்?”

“என்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு” என்றேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஸ்டவ் சரியில்லை, ரிப்பேர் கடையில் கொடுங்கள் என்று அவள் இரண்டு முறை என்னிடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். ஞாயிறு வந்தது, நான் பேப்பர் படித்தேன். யாரிடமும் சொல்லாத அதை அங்கே சொன்னேன்.

வேதவல்லி சொன்னார்: “அதை விட்டுட்டு, வந்தவா எல்லார்கிட்டயும் கதை சொல்லியிருக்கேள். அவா உங்க பக்கத்துல நின்னு கையைக் காட்டிண்டிருந்திருக்கா. அப்ப அவா முகத்தைப் பார்த்தேளா?”

ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“மன்னிப்புக் கேளுங்கோ. அவா ஏதாவது பதில் சொல்லணும்னு மட்டும் எதிர்பார்க்காதேங்கோ.”

அன்று வீட்டில் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து எடுத்துவைத்தாள்.

பிறகு வையம்பட்டியிலிருந்து என் பெரியம்மா வந்தார். விவசாயக் குடும்பம், அறுப்பு முடிந்துதான் வர முடிந்திருக்கிறது. உட்கார்ந்ததும், “கையைக் காட்டு தாயி” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

“வேண்டாம் பெரியம்மா” என்றாள் என் மனைவி.

“அட, நான் என்ன வேத்தாளா?”

“வேத்தாள் இல்லீங்க. ஆனா வேண்டாம்.”

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் சொல்லுடா. எப்படி ஆச்சு?”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். ஸ்டவ்வைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. சொன்னால் என் பாரம் இறங்கும். சொல்வதற்கு முன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. என் குற்றத்தைச் சொன்னாலும் அந்தக் காலைக்குள் மறுபடி போய் நிற்கப்போகிறவள் அவள்தான்.

“ஊர்ல மழை உண்டா பெரியம்மா?” என்றேன்.

“நல்ல குடும்பம்டா! ரெண்டு பஸ் மாறி வந்தவகிட்ட மழைக் கணக்கு கேக்குறீங்க” என்று பெரியம்மா முறைத்தார். என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். உள்ளே போய் அவளே காபி எடுத்துவந்தாள். அம்மா கலந்துவைத்திருந்த காபி. சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறாள் என்பது பெரியம்மா போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் முழுக்கக் குணமாகவில்லை. பிறகு வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது, அதைப் பற்றவைக்கப் பழகினாள். இன்றும் குக்கர் சத்தம் போட்டால் சில நாள்களில் வெளியே போய் நிற்பாள். நின்றுவிட்டு வருவாள்.

ஸ்டவ் வெடித்தது ஒரு நொடி. அதை மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் மறுபடி மறுபடி நடத்திக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அந்த வயதில் காலம் முன்னால் மட்டும் போவதாக ஒரு நினைப்பு. அவள் உடம்புக்குள் அது அப்படிப் போகவில்லை. இப்போது எனக்கும் வயதாகி, முழங்கால் சொன்னபடி கேட்காதபோது, உடம்புக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு என்று தெரிகிறது.

மார்கழியில் ஒட்டுப்போட்ட தோல் வறண்டு இழுக்கும். மாலையில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவருவேன். சில நாள்களில் அவள் கையை என் பக்கம் நீட்டுவாள், மெதுவாகத் தேய்த்துவிடுவேன். நீட்டாத நாள்களில் கிண்ணத்தை அவளுக்கு எட்டும்படி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.