அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு செருப்புத் தடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று மட்டும் சொன்னால் போதாது, அதைச் சொல்லியே பிழைக்கிறவள் நான். யாங்கோனில், பழைய பெயர் ரங்கூன், பதினைந்து வருஷமாகச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். ஆற்றோரத்துப் பழைய கட்டடம் ஒன்றின் முன்னால் நிறுத்தி, மூன்றாவது மாடி ஜன்னலில் வெள்ளைக்காரச்சி ஒருத்தி சாயங்காலமானால் தலை வாருவாள் என்று ஒரு கதை சொல்வேன். அது முழுக்க என் கற்பனை. இப்போது மற்ற கைடுகளும் அதையே சொல்கிறார்கள், ஒருவர் தன் கண்ணாலேயே பார்த்ததாக என்னிடமே சொன்னார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். இந்தத் தொழிலின் தந்திரமெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் ஆப்பிரிக்காவில் அந்த கைடு வாயைத் திறந்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தேகம்.

எங்கள் வீடு யாங்கோனின் க்யிம்யிண்டைங் பேட்டையில், படகுத்துறைக்குப் போகும் சந்தில். அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சேவியர் அண்ணன், டாக்டர். அடுத்து நான், ரெஜினா. கடைசி டொமினிக். எண்பத்தெட்டில் ஒரு மழை நாளில் டொமினிக் வெளியே போனான், திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கெங்கோ தேடினோம். ஊர்வலமும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த அந்த வருஷம் எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் ஓர் ஆள் குறைந்துபோனது, யாரிடம் போய்க் கேட்பது. அண்ணன் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, ஸாம்பியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டார். அம்மாவும் நானும் மிஞ்சினோம்.

இறந்தவர்களுக்கு வைக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசையை டொமினிக்குக்காக வைக்க அம்மா விடவே இல்லை. ஃபாதர் வந்து சொல்லிப் பார்த்தார், அண்ணன் கடிதம் மேல் கடிதம் போட்டார். அம்மா பேச்சை மாற்றிவிடுவார். அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறார் போல என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

2005 ஆகஸ்டில், அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் நான் ஸாம்பியாவுக்குப் போனேன். இங்கே சந்தில் முழங்கால் தண்ணீர், அங்கே இறங்கினால் ஒரு சொட்டு மழை இல்லை, ஊரே புழுதி. என்னை நல்லபடியாகக் கவனிக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு சஃபாரிக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்ப்பதோடு முடியவில்லை, காலையில் காட்டுக்குள் நடந்தே போக வேண்டும். ஆற்றங்கரையில் ஓலைக் குடிசைகள் போட்ட முகாம், மூன்று நாள்.

எங்களுக்கு வாய்த்த கைடு பெயர் பண்டா. ஐம்பது வயதிருக்கும், மெல்லிய குரல், சிரிக்கவே மாட்டார். முன்னால் துப்பாக்கி வைத்திருந்த காவலர், அவருக்குப் பின்னால் பண்டா, பிறகு அண்ணன், கடைசியில் நான். ஒற்றை வரிசையில் பேசாமல் நடக்க வேண்டும், யாரும் விலகக் கூடாது என்பதுதான் சட்டம். கடைசியில் நடப்பதை நானேதான் கேட்டு வாங்கினேன். ஆட்களை எண்ணிக்கொண்டே பின்னால் வருவது எனக்குத் தொழில் பழக்கம், முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் எனக்கு நடக்கவே வராது.

முதல் நாள் காலை யானை பார்த்தோம், நீர்யானை பார்த்தோம். எல்லாம் அழகுதான், ஆனால் என் மனசு அதில் இல்லை. முந்தின சாயங்காலம் அண்ணனோடு சண்டை. இந்தத் தடவை நான் ஊருக்குத் திரும்பியதும் பூசையை முடித்துவிட வேண்டும், அம்மாவை இங்கே அனுப்பிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம். "பதினேழு வருஷம் ஆச்சு ரெஜி, செத்தவனச் செத்தவன்னு சொல்லிடணும்" என்றார். "நீங்க வந்து அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றேன். அதோடு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது போன பாதையிலேயே வந்தோம். பாதி வழியில் பண்டா நின்றார். குனிந்தார். எங்கள் காலடித் தடங்கள் புழுதியில் மாவில் அச்சு வைத்த மாதிரி தெளிவாக இருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு பத்தடி பின்னால் போனார், திரும்பி வந்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், காலைல உங்க பின்னாடி யாராவது வந்தாங்களா?"

"இல்லையே."

"வந்திருக்காங்க. நம்ம கேம்ப் ஆள் இல்ல. ரப்பர் செருப்பு, அடியில கோடு எல்லாம் தேஞ்சு போச்சு. வலது கால் சரியில்லாத ஆள். முன்பாதத்த இழுத்து இழுத்து வைக்கறான்."

அவர் ஒரு குச்சியால் காட்டினார். என் பூட்ஸ் தடத்தின் மேலேயே ஒரு தட்டையான செருப்புத் தடம், வலது காலில் மட்டும் முன்னால் ஒரு கீற்று, விரலால் கோடு இழுத்த மாதிரி.

"திருட்டு வேட்டைக்காரன்னா பாதைய விட்டுத் தள்ளி நடப்பான். இவன் உங்க காலடி மேலதான் கால வைக்கறான். நீங்க நின்ன இடத்துல எல்லாம் இவனும் நின்னிருக்கான். உங்களுக்கு வேண்டிய ஆள் மாதிரிதான் தெரியுது."

டொமினிக்குக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போயிற்று. அவன் நடந்தால் வீட்டுப் பலகைத் தரையில் ஒரு தட்டு, ஓர் இழுப்பு, ஒரு தட்டு, ஓர் இழுப்பு என்று கேட்கும். அதை நான் அந்தக் கண்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் ஒரே ஓர் ஆள்தான், அவர் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு எப்படிக் கோபம் வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். டொமினிக் செத்துவிட்டான் என்று என்னை நம்பவைக்க, அண்ணன் இந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு நாடகம் போடுகிறார். ஜன்னலில் வெள்ளைக்காரச்சியை உட்கார வைத்தவளிடமே!

முகாமுக்கு வந்ததும் உளவு வேலையில் இறங்கினேன். சமையல்காரர், துணி துவைக்கிறவர், படகோட்டி என்று ஒவ்வொருவர் காலையும் பார்த்தேன். சிலர் பூட்ஸ், சிலர் வெறுங்கால், நொண்டுகிற ஆள் ஒருவரும் இல்லை. பண்டாவிடம் நேராகவே கேட்டேன், டாக்டர் உங்களிடம் என்ன சொல்லிவைத்தார் என்று. "மேடம், இங்க தடத்தப் பத்திப் பொய் சொன்னா யாராவது செத்துப்போவாங்க. நான் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் ஆற்றைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஏன் ரெஜி இப்படிப் பண்ற? என்னை அழ வைக்கணும்னா வேற வழி இல்லையா? அந்த ஆள்கிட்ட டொமினிக் காலப் பத்தி நீதானே சொன்ன?"

"நானா? நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

"அம்மா மேல சத்தியமா இல்ல."

"நானும் அம்மா மேல சத்தியமா இல்ல."

அப்புறம்தான் அண்ணன் அதைச் சொன்னார், பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை. அந்த மழை நாளில் டொமினிக் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தானாம். "அண்ணே, நான் இங்கயே இருக்கட்டுமா" என்று கேட்டானாம். வார்டு நிறைய ஆட்கள், அண்ணனுக்கு மூச்சுவிட நேரமில்லை. "வீட்டுக்குப் போடா, அம்மா தேடுவாங்க" என்று அனுப்பிவிட்டாராம். அவ்வளவுதான்.

அவர் அழுதார். நான் அழவில்லை, உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். அழத் தெரிந்தவர்கள் நடிக்கவும் செய்வார்கள் இல்லையா.

மறுநாள் காலை நானே ஒரு பொறி வைத்தேன். கிளம்புகிற நிமிஷத்தில், நேற்றுப் போன பக்கம் வேண்டாம், ஆற்றுப் படுகைக்குப் போகலாம் என்றேன். காய்ந்த படுகை, சலித்த மாதிரி மணல், பறவைக் கால்கூடப் பதிந்திருக்கவில்லை. யாரும் முன்கூட்டியே வந்து தடம் போட்டு வைக்க முடியாது. வழக்கம் போல நான் கடைசி. பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை, வெயிலும் மணலும்தான். முன்னால் அண்ணனின் சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே நாலு எட்டு இடைவெளி இருக்கும்.

படுகையின் மறுகோடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது பண்டா தொப்பியைக் கழற்றினார்.

"இன்னிக்கு உங்க பின்னாடி இல்ல மேடம். டாக்டர் பின்னாடி."

நானே மண்டிபோட்டுப் பார்த்தேன். அண்ணனின் குதிகால் தடம். அதன் விளிம்பை மிதித்துக்கொண்டு தேய்ந்த செருப்பு, வலது காலில் அந்தக் கீற்று. அந்தச் செருப்புத் தடத்தின் மேல் என் பூட்ஸ். ஓர் இடத்தில் மட்டும் இல்லை, படுகை முழுக்க அப்படித்தான். நீங்களே யோசித்துப் பாருங்கள், அண்ணன் கால் வைத்த பிறகு, நான் கால் வைப்பதற்கு முன்னால், அந்த நாலு எட்டு இடைவெளியில் ஓர் ஆள் நடந்திருக்கிறான். பட்டப்பகலில். நான் அண்ணன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன், அவன் ஊடே.

அண்ணன் அந்தத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் பூசையைப் பற்றி அவர் பேசவே இல்லை. மூன்றாம் நாள் ஜீப்பில் கிளம்பினோம். எதையும் விட்டுவிட்டு வருகிற மாதிரி எனக்கு அப்போது தோன்றவில்லை, பெட்டியை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

யாங்கோன் வந்து சேர்ந்தபோது அடைமழை. அம்மா வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் சந்துப் பக்கம் பார்த்தார்.

"நீ மட்டுமா வந்த?"

"அண்ணனுக்கு லீவு இல்லம்மா."

"அவனக் கேக்கல. சின்னவன எங்க விட்டுட்டு வந்த?"

கையிலிருந்த பையை நான் கீழே வைக்கவில்லை. அம்மா சாதாரணமாகத்தான் பேசினார், சந்தையில் எதையோ வாங்க மறந்துவிட்டு வந்தவளைக் கேட்கிற மாதிரி.

"நீ பொட்டியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே மாடியில சத்தம் நின்னு போச்சு. அண்ணனப் பாக்கப் போயிருக்கான், அக்கா கூட்டியாந்துருவான்னு இருந்தேன். பதினேழு வருசமா அவன் வீட்லதான்டி இருந்தான். பூசை வச்சா கெளம்பிடுவானேன்னுதான் வேணாம்னேன்."

ஒரே வீட்டில் பதினேழு வருஷம் படுத்து எழுந்தவள் நான். எனக்கு ஒரு நாளும் ஒரு சத்தமும் கேட்டதில்லை.

என் புத்தி உடனே எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஃபோன் செய்து சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது, சந்து முனையில் கோ எய் என்பவரின் கடையில்தான் எங்களுக்கு ஃபோன் வரும். அந்த மழையிலேயே குடை பிடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். "உங்களுக்கா? ரெஜினா அக்கா, லைன் செத்து மூணு வாரம் ஆச்சே, எனக்கே ஒரு கால் வரல" என்றார் பர்மியத்தில். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு மாதிரி மறந்திருப்பேன். அண்ணன் ஒவ்வொரு வருஷமும் மழை நின்றதும் அந்த முகாமுக்குப் போய்வந்தார், பண்டா அவருக்குச் சிநேகிதராகவே ஆகிவிட்டார். முதல் வருஷம் அந்தத் தடம் முகாமைச் சுற்றிச் சுற்றி இருந்ததாம். புதிதாக ஜீப் வந்தால் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்புமாம், யாரையோ தேடுகிற மாதிரி. அதற்கடுத்த வருஷம் முகாமில் இல்லை. போன வருஷம் ஓர் ஆள் மூலம் அண்ணன் கொடுத்தனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தார்: முகாமிலிருந்து நெடுந்தூரம் தள்ளி, எல்லைக்குப் போகும் மண் ரோட்டில் பண்டா அந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறார். அதே தேய்ந்த செருப்பு, அதே கீற்று. அலையவில்லை, நேராகப் போகிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்தப் பக்கமா போறானாம்?" என்று மட்டும் கேட்டார்.

"சூரியன் உதிக்கிற பக்கம்னு எழுதியிருக்காரு."

அம்மா திருப்தியாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, நடுவுல கடல் இருக்கு" என்றேன்.

அரிசி களைகிற சத்தம் நின்றது. திரும்பாமலே சொன்னார், "தெரியும். அவனுக்கு நீச்சல் தெரியாது."

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் யாரிடமும் பேசியதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். நம்பச் சொல்லவில்லை, எனக்கே நம்பிக்கை இல்லை. பண்டா இந்த வருஷம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம், இனி அந்தத் தடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போதோ, பயணிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதோ, இந்நேரம் கடற்கரைக்கு வந்திருப்பானோ, அங்கே நின்று என்ன செய்வான் என்று என்னையறியாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்பாதவள் ஏன் யோசிக்க வேண்டும், சொல்லுங்கள்.