காலடியில் நிழல்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கிலிருந்து எங்களை லாரியில் ஏற்றிப்போய், பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் மண் சுமக்க விட்டார்கள். நான் மண்டோர், மணியடிப்பதும் ஆட்களை விரட்டுவதும் என் வேலை.

கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்துக்குத் திருப்பியிருந்தார்கள். பன்னிரண்டு மணி ஓய்வு, வெயில் ஏறுமுன்பே வந்து போய்விடும். உச்சிப்பொழுதில் ஓய்வு கிடையாது. ஆனால் நிழல் காலடியில் சுருங்கிச் சாயத் தொடங்கியதும், காதர் பாய் மட்டும் கூடையை இறக்கிவிட்டுத் தொழ நிற்பார்.

"ஓய்வு முடிஞ்சுபோச்சு பாய்! உனக்குன்னு தனிச் சூரியனா?" என்று கத்தினேன்.

"கடிகாரத்தைத் திருப்பிட்டான் மண்டோரே. என் நிழலையும் திருப்பச் சொல்லு, பார்ப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. காவல் நின்ற ஜப்பான் சிப்பாயை அழைத்து, பாயைக் கைகாட்டினேன். அவன் அறைந்ததில் பாயின் உதடு கிழிந்தது.

மறுநாள் அதே பொழுதில், வீங்கிய உதட்டோடு கூடையை இறக்கினார்.

"கூப்பிடு அவனை. அவன் வர்றதுக்குள்ள தொழுது முடிச்சிருவேன்."

நான் கூப்பிடவில்லை. தலை குனிந்தேன். என் காலடியிலும் அதே நிழல் கிடந்தது. இத்தனை நாள் அங்கே நின்றும் அதை நான் பார்த்ததில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எந்த வேலையானாலும் அந்தப் பொழுதில் சற்று நிற்கிறேன். இளைப்பாறத்தான் நிற்கிறேன், ஆனால் அந்தக் கிழிந்த உதடு கண்முன் வந்துவிடுகிறது.