பொட்டு வைத்த மெஷின்

காஸ் சிலிண்டருக்காகச் சனம் ரோட்டோரத்தில் வரிசையில் கிடந்ததே, அந்த வருடத்துக்கு அடுத்த வருடம், ஐப்பசி மழையில் நடந்தது இது. எனக்குத் தேதி வைத்துச் சொல்லத் தெரியாது. பதுளைக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் காஸ் இல்லை, காஸ் இல்லை என்று புலம்பிய காலத்தில் எங்கள் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், எப்போதும் போல மிளார்தான் எரிந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் மிளார் என்போம். பெண்கள் மலையிலிருந்து கட்டுக் கட்டாகச் சுமந்து வருவார்கள். காய்ந்தால் நன்றாக எரியும். காயாவிட்டால் வெறும் புகை. ஒரே ஒரு ஜன்னல் உள்ள வீட்டில் புகை எங்கே போகும்? நெஞ்சுக்குள்தான் போகும்.

என் மனைவிக்கு இழுப்பு வந்தது அப்படித்தான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கொழுந்து எடுத்த காலத்தில் காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முந்தி நிற்கிறவள். மலை ஏறும்போது அவளைப் பிடிக்க என்னால் முடியாது. அப்படிப்பட்டவள் பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் நான்கு இடத்தில் உட்கார ஆரம்பித்தாள். மழையும் பனியும் சேர்ந்துவிட்டால் பேச்சு வராது. சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து வாங்குவாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மெஷினில் மருந்தை ஊற்றி, முகத்தில் மூடியை வைத்து ஆவி பிடிக்க விடுவார்கள். சற்று நேரத்தில் ஆள் சிரிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமே. எங்கள் ரோட்டில் மழை நேரத்தில் த்ரீவீல்காரன் ஏற மாட்டேன் என்பான். சந்தி வரைக்கும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு தடவை அப்படித் தூக்கிப் போனோம். இரண்டாவது தடவை டாக்டர், அந்த மெஷினை வீட்டிலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருந்தை நான் எழுதித் தருகிறேன், அடுத்த தடவை வந்து சேர்வீர்களோ என்னவோ என்றார்.

என் மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான். மருமகள் எங்களோடுதான். அவள் போனில் தேடி, ஒரு மெஷினைப் படத்தில் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்களாம். எந்த வீட்டுக்கு? போன் கேட்டது வீட்டு நம்பரும் தெருப் பெயரும். எங்களுக்கு லயம்தான் உண்டு, தெரு கிடையாது. ஐந்தாம் நம்பர் லயம் என்று எழுதினால் போன் ஏற்கவில்லை. கடைசியில் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற நானாவின் விலாசத்தைக் கொடுத்தாள். தோட்டத்துக்கு வருகிற முக்கால்வாசிப் பெட்டிகள் அவர் கடையில்தான் இறங்கும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்.

பெட்டி வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் புதுச் சாமானைத் திறப்பதாவது என்று என் மனைவி எடுத்து மேலே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்துத்தான் திறந்தோம். திறந்த கையோடு சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புது அம்மி வந்தாலும் பொட்டு, புதுச் சைக்கிள் வந்தாலும் பொட்டு. அந்த நாளில் தோட்டத்துக்குப் புது லொறி வந்தபோது துரையே நின்று பார்க்க, முன் கண்ணாடியில் பட்டை போட்டுத் தேங்காய் உடைத்தோம். மூச்சைக் காப்பாற்ற வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? மெஷினுக்கு நெற்றியில் ஒன்று, மூடியில் ஒன்று, வயரில் ஒன்று என்று வைத்தாள்.

அப்புறம் மருந்தை ஊற்றாமல் சுவிட்சைப் போட்டோம். சத்தம் இல்லை. திருப்பிப் போட்டோம். சின்ன விளக்கு ஒன்று எரியும் என்று மருமகள் சொன்னாள். அதுவும் எரியவில்லை.

ஓடாவிட்டால் திருப்பி எடுப்பார்கள், மாமா, படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று அவள் சமாதானம் சொன்னாள். படம் போனது. பதில் வந்தது. மருமகள் அதை ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சாமானில் சிவப்புக் கறை இருக்கிறது, நோயாளி பாவித்த மருத்துவச் சாமானைத் திருப்பி எடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். குங்குமத்தை ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

என் மனைவி ஈரத் துணியை எடுத்துத் துடைத்தாள். குங்குமம் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஊறி இன்னும் பரவியது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஒரு வழியாகப் போனது. மறுபடி படம் எடுத்து அனுப்பினோம். அதற்கு வந்த பதில்: முதல் படத்தில் உள்ள மெஷினும் இரண்டாவது படத்தில் உள்ள மெஷினும் ஒன்றல்ல.

அந்தக் காலத்தில் நான் பதுளை பஜாரில் ஒரு டோர்ச் லைட் வாங்கினேன். மூன்றாம் நாள் எரியவில்லை. கொண்டு போனேன். முதலாளி, நீ தண்ணீரில் போட்டிருப்பாய் என்றார். நான் சண்டை போடவில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அது. கடை நிறையக் கூட்டம். வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அந்த டோர்ச்சைக் கொடுத்து, அண்ணே, இதை ஒருக்கா எரிய வச்சுக் குடுங்களேன் என்று கேட்டேன். அவர்கள் அமுக்கிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், கடைக்குள் போகாமல் அடுத்த கடைக்குப் போவார்கள். ஏழெட்டுப் பேர் போனதும் முதலாளி புது டோர்ச்சோடு தானே வெளியே வந்தார். நம் ஆட்கள் சாமான் திருப்பிக் கொடுப்பது இப்படித்தான். வாசல் வேண்டும். இந்தப் போன் கடைக்கு வாசல் எங்கே இருக்கிறது?

ஒரு நம்பர் இருந்தது. மருமகள் அதைப் போட்டுக் கொடுத்தாள். நெடுநேரம் பாட்டு பாடியது, அப்புறம் ஒரு பிள்ளை சிங்களத்தில் பேசியது. எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். மரியாதையான பிள்ளைதான்.

"நீங்க அதப் பாவிச்சிருக்கீங்க தானே?" என்று கேட்டது.

"ஓடினாத்தானே மகளே பாவிக்கிறதுக்கு. அது ஓடவே இல்ல."

"ஓடலன்னு எப்படித் தெரியும்?"

"சுவிட்சப் போட்டுப் பாத்தோம்."

"அப்ப பாவிச்சிருக்கீங்க."

அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு எழுதிக் கொடுத்ததை அது சொல்கிறது. ஓடாததை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றது.

ஓடாத மெஷினை வீடியோவில் எடுத்தால் என்ன தெரியும்? சும்மா இருக்கிற மெஷின்தான் தெரியும். அதையும் அனுப்பினோம். கரண்ட் இருப்பதற்கு அத்தாட்சி இல்லை என்றார்கள். சரி என்று பல்பையும் போட்டு, பல்பும் மெஷினும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்தாள். எங்கள் லயத்தில் பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவதால் பல்பு மஞ்சள் கட்டிவிடும். அவர்கள் அந்தப் பல்பைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் கரண்ட் போதாது, அதனால் மெஷின் கெட்டிருந்தால் நாங்கள் பொறுப்பில்லை. நாங்கள் எதைக் காட்டினாலும் அது எங்களுக்கு எதிராகவே திரும்பியது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டு ஒரே முளையைச் சுற்ற விட்ட மாதிரி இருந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். அங்கே கரண்ட் நன்றாக இருக்கும். அவர் ஐஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் மாட்டிப் பார்த்தார். அதே கதை. வயர் ஓரத்தில் நான் துடைக்க மறந்த ஒரு பொட்டு இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பொட்டு வச்சு உள்ள எடுத்திட்டீங்க. இனி எந்தத் தாய் வீட்டுக்காரன் திருப்பி எடுப்பான்?"

நானும் சிரித்தேன். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அன்று சாயந்தரம் அவளை நாற்காலியில் வைத்துச் சந்திக்குத் தூக்கினோம். மழையில் நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். நாற்காலியைத் தூக்கியவர்களில் ஒருவன், "அதான் மெஷின் வந்திருச்சின்னு சொன்னீங்களே" என்றான். நான் குடையை அவள் பக்கம் இன்னும் சரித்தேன்.

அந்தத் தடவை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போனில் இன்னொரு செய்தி வந்திருந்தது. சரி, திருப்பி எடுக்கிறோம், ஆள் அனுப்புகிறோம், அடையாள அட்டையில் உள்ள விலாசத்தில் இருங்கள் என்று. மருமகளின் அட்டையில் இருப்பது தோட்டத்தின் பெயர். அவள் வேலைக்குப் போகாமல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. விலாசத்தில் ஆள் இல்லை, கோரிக்கை முடிக்கப்பட்டது என்று மட்டும் வந்தது. வந்தவன் பிரதான ரோட்டிலேயே திரும்பிப் போனானா, வரவேயில்லையா, யாருக்குத் தெரியும்? மறுபடி கேட்டதற்கு, திருப்பி எடுக்கிற நாள் கடந்துவிட்டது என்றார்கள். நாங்களாவது பொதி கட்டி அனுப்பிப் பார்ப்போம் என்றால் அவர்களுடைய விலாசத்தைத் தர மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்குத்தான் விலாசம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது டாக்டர், மெஷின் இல்லாமல் இந்த மழைக்கு இந்த அம்மாவை மேலே கொண்டு போகாதீர்கள் என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். எங்கள் மகளை ஹாலிஎலயில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி. அங்கே கொண்டு போய் விட்டோம். மழை முடிந்ததும் கூட்டி வரலாம் என்றுதான் பேச்சு. மழை முடிந்தால் பனி, பனி முடிந்தால் மறுபடி மழை. இன்னொரு மெஷின் வாங்கலாமே என்று மகன் கேட்கிறான். எங்கே வாங்குவது என்று கேட்டால் அதே போனைத்தான் காட்டுகிறான்.

நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மருமகன் வீட்டில் பல நாள் தங்க எனக்குக் கூச்சம், அவளுக்கு அதைவிடக் கூச்சம். போன ஞாயிறு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"அவங்ககிட்டருந்து ஏதாச்சும் பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"எம்மேல கோவமா?"

"உம்மேல என்னத்துக்கு கோவம், புள்ள."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மெஷின் சாமிப் படத்துக்குக் கீழேயே இருக்கிறது. பூசை போட்ட சாமானைக் குப்பையில் போட மருமகளுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

நீங்கள் இங்கிருந்து இறங்கிப் போகிற வழியில் ஹல்துமுல்லைப் பக்கமும் லயங்கள் இருக்கும், அங்கேயும் இழுப்புக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் பெட்டி வரும். வந்தால் செவ்வாய் வெள்ளி பார்க்காமல் சந்திக் கடையிலேயே திறந்து, நாலு பேர் பார்க்க ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குக் கொண்டு வந்து பொட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்குச் சாமி ஒன்றும் சொல்லாது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், காதில் போட்டு வையுங்கள், போதும்.