அசையாத இலக்கம்

தில்லையடியில் கணினி திருத்தும் ஸாஜிதா கருவாட்டு நாற்றத்தில் வளர்ந்தவள். 1990இல் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த அவளுடைய உம்மா, கருவாட்டுக் கொட்டிலில் வேலை செய்துதான் அவளைப் படிக்கவைத்தார். ஆனாலும் உடப்புக்கு அருகே முனாஸின் இறால் பண்ணைக்குப் போன அன்று அவளுக்கு ஓங்காளித்தது. ஒரு குளம் முழுக்க இறால் செத்து வெளுத்து மிதந்தது.

நீரில் ஒட்சிசன் குறைந்தால் கணினி தானாகவே காற்றூட்டும் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். அது நடக்கவில்லை. இரவில் திரையைக் கவனித்துக்கொள்ள வேண்டிய காவலாளி பஸ்தியான் தூங்கிவிட்டார் என்று சொல்லி முனாஸ் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்.

"மெஷினும் இடைக்கிடை இறுகி நிக்கிது. அதையும் பாருங்க தங்கச்சி," என்றார், ஏதோ சில்லறை விசயம் போல.

ஸாஜிதா கணினியின் நினைவகத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மணிக்கொரு தடவை பதியவைத்தாள். அது குறைந்துகொண்டே போனது. இணைத்திருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒட்சிசன் மானியின் அட்டையைக் கழற்றியதும் குறைவது நின்றது. அந்த அட்டையை இயக்கும் ட்ரைவர் மென்பொருள் ஒவ்வோர் அளவீட்டுக்கும் கொஞ்சம் நினைவகத்தை எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அட்டையைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டபோது ஒன்பதாம் நாள் எதுவும் மிஞ்சாமல் கணினி உறைந்தது. திரை மட்டும் அணையாமல் கடைசி ஒட்சிசன் இலக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றது.

அவள் பஸ்தியானின் வீட்டுக்குப் போனாள்.

"நான் நித்திரை கொள்ளேல்லை பிள்ளை. மணிக்கொருக்காப் போய்ப் பாத்தனான். திரையில அஞ்சு எண்டு நிண்டது. அது நல்ல இலக்கம்தானே?" என்றார் அவர்.

அட்டையை விற்ற கம்பனிக்கு அழைத்தாள். "ஓம், அது எங்களுக்குத் தெரியும். கிழமைக்கு ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாச் சரி," என்றான் அங்கிருந்தவன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"ஆரும் கேக்கேல்லையே."

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

முனாஸிடம் சொன்னாள். அவர் தாடியைத் தடவினார். "புது ஆள் எடுத்தாச்சி. இனிப் போய் அவர்ல பிழையில்ல எண்டு சொல்லவா? விடுங்க."

அவள் அட்டையை மாற்றிக்கொடுத்தாள். கண்டதையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பமிட்டு பஸ்தியானிடம் கொடுத்தாள். அவர் அதை, வேலை முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மூன்று மாதம் கழித்து பண்ணை அவரைத் திரும்ப அழைத்தது. வேறு வழியில்லாமல் அவரும் போனார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

அதன்பின் முனாஸின் அழைப்பு வந்தால் ஸாஜிதா எடுப்பதில்லை.